சாகிற கோழி சட்டிக்கு ஆகாது

தாராவிச் சந்துகளிலும் செம்பூர்க் குடிசைகளிலும் நம்மவர்கள் நாலைந்து கோழி வளர்ப்பது உண்டு. ஊரிலிருந்து வந்த பழக்கம். முட்டைக்கு முட்டை, அவசரத்துக்குக் கைக்காசு. ஆனால் ஒரு கோழி தலை சாய்ந்தால் வீட்டில் முதலில் தேடுவது கத்தியைத்தான். சாவதற்குள் அறுத்துவிட்டால் நஷ்டம் இல்லை என்பது கணக்கு. இந்தக் கணக்கு தப்பு.

கோழிகளைக் கூண்டோடு கொண்டுபோகும் நோய் வெள்ளைக் கழிச்சல். ராணிக்கேத் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கோழி இரை எடுக்காது, இறக்கை தொங்கும், வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்தபின் குணமாக்க மருந்து இல்லை. வருமுன் காக்க உண்டு. குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து. எட்டாவது வாரத்தில் ஊசி.

இன்னொன்று பறவைக் காய்ச்சல். கொண்டை நீலம் பாயும், தலை வீங்கும், அல்லது எந்த அடையாளமும் இல்லாமலே கோழிகள் செத்து விழும். 2006 பிப்ரவரியில் இந்நோய் இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது இதே மராட்டிய மாநிலத்தின் நவாப்பூரில்தான். லட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. 2021 ஜனவரியில் பர்பானி மாவட்டத்திலும் தலைகாட்டியது. இது மனிதருக்கும் தொற்றக்கூடியது. நோய்க்கோழியை அறுத்து இறகு பிடுங்கும் கைக்கே ஆபத்து அதிகம். அந்தக் கை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கை. பக்கத்தில் குழந்தைகள் வேடிக்கை பார்த்து நிற்கும்.

வந்தது கழிச்சலா, காய்ச்சலா? பார்வையால் சொல்ல முடியாது. பரிசோதனைதான் சொல்லும். ஆகவே சீக்குக் கோழியை உடனே தனியே அடையுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செத்ததைச் சாக்கடையில் வீசாதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். 1886-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி பரேலிலேயே இருக்கிறது.

சொன்னால் எல்லாக் கோழியையும் கொன்றுவிடுவார்களே என்று மறைப்பவர்கள் உண்டு. பறவைக் காய்ச்சலுக்காக அரசு அழிக்கும் கோழிக்கு நஷ்டஈடு உண்டு. தானாகச் செத்ததற்கு இல்லை. மறைத்தால் கோழியும் போகும், காசும் போகும்.

அதிகாரிகளுக்கும் ஒரு சொல். பத்துக்குப் பத்து அறையில் வாழ்பவன் செத்த கோழியை எங்கே புதைப்பான்? அதை வாங்கிக்கொள்ளவும், குடிசைப் பகுதிக்கே வந்து தடுப்பு மருந்து போடவும் ஏற்பாடு வேண்டும். நமது சங்கங்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது ஒன்றுதான்: கத்தியை எடுக்காமல் இருப்பது.