கொம்புக்குக் கொடி தேடுவோர்

பாரி முல்லைக்குத் தேர் ஈந்த கதையை அறியாதவர் நம்மில் இல்லை. பற்றக் கொம்பின்றித் தவித்த கொடிக்கு அவன் கொழுகொம்பு தந்தான். இன்று வீட்டுத் தோட்டம் அமைப்போரிடம் நாம் காண்பதோ இதற்கு நேர்மாறான வழக்கம். கொம்பு இருக்கிறது, அதன் தோற்றம் பிடிக்கவில்லை, அதை மறைக்க ஒரு கொடி வேண்டும். பட்டை வெடித்த முதிய வேம்பு, மின்கம்பிக்காகக் கிளைகள் வெட்டப்பட்டு முண்டும் முடிச்சுமாக நிற்கும் தூங்குமூஞ்சி, வெற்றுத் தூணாய் உயர்ந்த தென்னை ஆகியவற்றுக்கெல்லாம் மேலாடை தேடி நாற்றுப்பண்ணைக்குச் செல்கிறோம். அங்கே பெரும்பாலும் நம் கையில் தரப்படுவது மணிபிளாண்ட்.

அடிமரம் அழகற்றது என்ற எண்ணமே நம் மரபுக்குப் புதிது என்று தோன்றுகிறது. தமிழில் மரத்துக்குக் காலும் உண்டு, அரையும் உண்டு. மனித உடலுக்கு வழங்கும் அதே சொற்கள். சங்கப் பாடல்களில் மரத்தின் கால் கரியதாகவும் அரை பொரிந்ததாகவும் வருவது குறையாகச் சொல்லப்படுவதன்று. அவை அந்த மரத்தின் அடையாளங்கள். ஆணி அறைந்து விளம்பரப் பலகை மாட்டியும், கண்டபடி கிளை கழித்தும் நாமே விகாரப்படுத்திய மரத்தைக் கொடி கொண்டு மூடுவது வேறு கதை; அது மறைப்பு வேலை.

இருப்பினும் கொடி ஏறிய மரத்துக்கு ஓர் அழகு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. நம் கேள்வி எந்தக் கொடி என்பதே.

மணிபிளாண்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலிலுள்ள மோரேயா தீவு. சாடியில் உள்ளங்கையளவு இலை விட்டு அடக்கமாக இருக்கும் அச்செடி, மரத்தில் ஏறியதும் ஆளே மாறிவிடுகிறது. இலைகள் முறமளவு விரிந்து, ஓரம் கிழிந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு அடிமரத்தை முழுதாகப் போர்த்துகின்றன. இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருப்பதால் கடித்த குழந்தைக்கும் கன்றுக்கும் வாய் எரியும். இலங்கையில் அது காட்டுக்குள்ளும் புகுந்து பரவும் அயல்தாவரம்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் ஒன்றைப் பொறுப்பது கடினம். அந்தப் போர்வைக்குள் மரத்தின் நோய் தெரிவதில்லை. தென்னையைத் தாக்கும் தஞ்சாவூர் வாடல் நோய், அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு கசிவதில் வெளிப்படுகிறது. சிவப்புக் கூன்வண்டு துளைத்த மரத்திலும் துளையும் அதிலிருந்து வடியும் சாறும்தான் முதலில் கண்ணில் படுபவை. தழைத்த மணிபிளாண்டுக்குப் பின்னால் இவை யார் கண்ணுக்குத் தெரியும்? கொண்டை சாய்ந்த பிறகே தெரியவரும்.

கொடியைத் தேர்பவர் பூவின் நிறத்துக்கு முன் அது எப்படிப் பற்றுகிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். சங்குப்பூ தண்டால் சுற்றி ஏறுவது. முல்லை மெல்லிய கொம்புகளில் சாய்ந்தும் சுற்றியும் மேலே போவது. (பாரியின் தேர் அதற்குப் பொருந்தியதும் இதனால்தான் போலும்!) செங்காந்தள் தன் இலை நுனியையே சுருட்டிப் பிடிப்பது. பிரண்டைக்கும் கோவைக்கும் பற்றுக்கம்பிகள் உண்டு. இவற்றில் எதுவும் பருத்த புளிய மரத்தைத் தானாகக் கட்டித் தழுவாது. அடியில் நட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சலித்தவர்கள் பலர். இவை ஏற வேண்டுமானால் மரத்தை ஒட்டித் தேங்காய்நார்க் கயிறு தொங்கவிட வேண்டும். இரும்புக் கம்பி கூடாது. பருத்துவரும் மரத்தின் பட்டையை அது அறுத்துவிடும். தென்னையில் ஆணியும் கூடாது. அதன் தண்டில் பட்ட காயம் மற்ற மரங்களில் போல மூடி ஆறுவதில்லை.

கயிறில்லாமல் ஏறுபவை கணுவில் பற்றுவேர் விடும் மிளகும் வெற்றிலையும். நம் வாக்கு மிளகுக்கே. சொரசொரப்பான பட்டையில் அது நன்றாகப் பிடிக்கும். பட்டை உரிந்து விழும் கொய்யாவிலும் தைல மரத்திலும் பிடிப்பு நிலைக்காது. மலைப்பயிர் என்று ஒதுக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகாட்டுப் பகுதியில் சமவெளியிலேயே மிளகு விளைவிக்கிறார்கள். நிழலும் கோடையில் தவறாத நீரும் அதற்குப் போதும். அடியில் இடுப்பளவுக்கு இலைகளைக் கழித்துவிட்டால் தென்னையின் அடித்தண்டு நம் பார்வையிலேயே இருக்கும். வேப்ப மரத்தில் படர்ந்த சீந்தில் மருந்துக்குச் சிறந்தது என்பார்கள். ஆனால் அது அடிமரத்தோடு நிற்காது, தலைவரை போய்விடும்.

வெயில் விழும் இடமென்றால் சங்குப்பூவை விஞ்ச ஒன்றில்லை. பாரியின் நண்பரான கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் செருவிளையும் கருவிளையும் உள்ளன. வெண்காக்கணம், கருங்காக்கணம் என்று உரையில் வருவனவும் நாம் வெள்ளைச் சங்கு, நீலச் சங்கு என்பனவும் அவையே. அப்பட்டியலில் முதலாவதாக நிற்கும் காந்தளையும் நடலாம். தமிழ்நாட்டின் மாநில மலர் அது. ஆனால் கிழங்கு கொடிய நஞ்சு. சிறுவர் புழங்கும் வீட்டில் வேண்டாம்.

பட்டுப்போன அடிமரத்தை என்ன செய்வது? வைரம் பாய்ந்த வேம்போ தேக்கோ என்றால் கயிறு கட்டி முல்லையை ஏற்றலாம். பல ஆண்டு தாங்கும். தென்னைக்கு இது பொருந்தாது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைக் கடந்தபோது தலை முறிந்து நின்ற தென்னைகளை நாம் மறந்திருக்க முடியாது. தென்னைக்குக் குருத்து ஒன்றே. அது போனால் மீண்டும் துளிர்ப்பதில்லை. மட்கத் தொடங்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, பக்கத்து மரங்களின் குருத்தைக் குடைகிறது. அத்தகைய மரத்தைக் கொடியால் மூடி வைப்பது வண்டுக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். வெட்டி அகற்றிவிட்டு, அவ்விடத்தில் அகத்தி விதைக்கலாம். அகத்தி ஓரளவு வளர்ந்ததும் அதன் அடியில் வெற்றிலைக் கொடியை நட வேண்டும். கொடிக்கால்களில் காலங்காலமாகச் செய்துவருவது அதுதான்.