கம்மா ஏன் பெருகல? அருப்புக்கோட்டை, திருச்சுழி மேட்டுநிலத்தில் இருக்கிறது பதில்

ஐப்பசி பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக்காரர்கள் எந்த ஊரில் வேலை பார்த்தாலும், வீட்டுக்குப் போன் போட்டதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கம்மா பெருகிருச்சா?" அதற்கு இப்போது பழகிப்போன பதில்: "மழை நல்லாத்தான் பேஞ்சுச்சு, ஆனா தண்ணி வந்து சேரல."

தூர்வாரியாச்சு, கரையை உயர்த்தியாச்சு, மடையைப் புதுசாகக் கட்டியாச்சு. அப்புறமும் ஏன் நிறையவில்லை? பதில் கண்மாய்க்குள் இல்லை. அதற்கு மேலே, அரசுப் பதிவேட்டில் 'தரிசு' என்றும் 'புறம்போக்கு' என்றும் எழுதப்பட்டிருக்கும் மேட்டுநிலத்தில் இருக்கிறது. கண்மாயைக் காக்க சட்டம் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் அனுப்பும் நிலத்தைக் காப்பது யார்?

இந்தப் பகுதியின் தண்ணீர்க் கணக்கு என்ன?

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 800 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடும். வற்றாத ஆறு கிடையாது. திருச்சுழி வழியாகப் போகும் குண்டாறு, மதுரை மாவட்ட மேற்கு மலையடிவாரத்தில் தொடங்கி, திருமங்கலம், கமுதி பக்கமெல்லாம் தொட்டு மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. மழை இருந்தால் ஓடும், இல்லையென்றால் மணல்தான்.

காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. நீளம் 262 கி.மீ., மதிப்பீடு ரூ.14,400 கோடி. அது வரும்போது வரட்டும். அதுவரை இங்கே தண்ணீர் என்றால் வானத்திலிருந்து விழுவதைப் பிடித்து வைப்பதுதான்.

பிடித்து வைக்கும் முறையைப் பழைய ஆட்கள் சங்கிலி மாதிரி அமைத்திருக்கிறார்கள். மேல் கண்மாய் பெருகினால் கலுங்கு வழியாக மறுகால் போகும். அது கீழ்க் கண்மாய்க்கு வரத்து. ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே இருக்கிற ஊர் எல்லாம் காயும்.

சரி, மேட்டுநிலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எளிய கணக்கு ஒன்று. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர். 100 ஹெக்டேர் மேட்டில் ஒரே நாளில் 50 மி.மீ. பெய்தால் 5 கோடி லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடையில் இறங்கினாலே கண்மாய்க்கு 1 கோடி லிட்டர் போய்ச் சேரும்.

ஆனால் அந்த 1 கோடி லிட்டர் வந்து சேர, ஓடையும் வரத்துக்காலும் திறந்திருக்க வேண்டும். நான்குவழிச் சாலையோரம் பிளாட் போடும்போது ஓடையை மண் போட்டு மூடினாலோ, சாலைக்கு அடியில் போட்ட குழாய் சின்னதாக இருந்தாலோ, வரத்துக்காலில் சீமைக்கருவேலம் அடைத்து நின்றாலோ, தண்ணீர் வேறு பக்கம் திரும்பும், அல்லது தேங்கி வற்றிப்போகும். மேட்டில் புல் இல்லாமல் மொட்டையாகக் கிடந்தால் இன்னொரு சிக்கல்: தண்ணீரோடு மண்ணும் வரும். தூர்வாரிய கண்மாய் சில வருடத்தில் மறுபடியும் மேடேறிவிடும்.

'தரிசு'ன்னா உண்மையிலேயே சும்மா கிடக்கிற நிலமா?

இல்லை. ஆனால் பதிவேட்டில் அப்படித்தான் தெரியும். மத்திய அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பின் 2019 பதிப்பு, நாட்டின் பரப்பில் 16.96 சதவீதத்தைத் தரிசு என்று கணக்கிடுகிறது. பயிர் இல்லை, அடர்ந்த காடு இல்லை என்றால் பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான்.

இந்த நிலத்தில்தான் ஆடு மேய்கிறது. விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் சொந்த இனமான வேம்பூர் ஆடு, ஊர்ப்பேச்சில் 'பொட்டு ஆடு', இப்படிப்பட்ட காய்ந்த புல்வெளியில் வளரக்கூடியது. அறுவடை முடிந்த புஞ்சையில் கிடை போட்டால் நிலத்துக்கு உரம். விறகு, மூலிகை, கோயில்காடு எல்லாமே இங்கேதான். 2026-ஐச் சர்வதேச மேய்ச்சல் நிலங்கள், மேய்ப்பர்கள் ஆண்டாக ஐ.நா. அறிவித்ததற்குக் காரணமும், உலகம் முழுக்க இந்த நிலங்கள் கணக்கில் வராமல் போவதுதான்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. புல்வெளியில் வரிசையாக மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வது எல்லா இடத்திலும் பாதுகாப்பு ஆகிவிடாது. மேய்ச்சல் தரை மேய்ச்சல் தரையாகவே இருப்பதும் பாதுகாப்புதான்.

சட்டம் எதைக் காக்கிறது, எதை விடுகிறது?

தமிழ்நாட்டில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது பொதுப்பணித் துறைக் கண்மாய்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால்தான் கண்மாய் அந்தத் துறையிடம் (இப்போது நீர்வளத் துறையிடம்) இருக்கும். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். சின்னக் கண்மாய்க்கே பாதுகாப்பு குறைவு என்றால், கண்மாய்க்கு மேலே இருக்கும் நிலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மேய்ச்சல் தரை, களம், மந்தை, தோப்பு போன்ற புறம்போக்குகள் ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் பொறுப்பில் வருகின்றன. ஆனால் அரசு நினைத்தால் வகைப்பாட்டை மாற்றலாம். கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. தனியார் ஆக்கிரமிப்புக்கு அது பெரிய ஆயுதம். அரசே ஒரு திட்டத்துக்காக நிலத்தைக் கொடுக்கும்போது கதை வேறு.

அந்த இடத்தில்தான் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் வருகிறது. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களில், உள்ளே நீர்நிலையோ ஓடையோ இருந்தாலும் மொத்தமாகச் சேர்த்துக் கொடுக்க இது வழி செய்கிறது. நீர்நிலையைப் பாதுகாக்கும் நடைமுறையும் இதில் உண்டு என்பது அரசுத் தரப்பு. ஓடை என்பது தனித் துண்டு இல்லை, மேலும் கீழும் தொடரும் சங்கிலி என்பது விவசாயிகள் தரப்பு.

மக்கள் சேர்ந்து செய்தது என்ன?

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் 'வயலகம்' திட்டம் 1992-ல் தொடங்கியது. குண்டாறு படுகையிலும் வேலை செய்திருக்கிறது. கண்மாய்ப் பாசனக்காரர்களைச் சங்கமாகச் சேர்ப்பது, செலவில் ஒரு பங்கை ஊரே போடுவது, ஒற்றைக் கண்மாயாகப் பார்க்காமல் தொடராகப் பார்ப்பது என்பதே அதன் அணுகுமுறை. 2017-ல் அரசு மறுபடி கொண்டுவந்த குடிமராமத்து, முதல் கட்டமாக ரூ.100 கோடியில் தொடங்கியது. அதிலும் 10 சதவீதம் ஆயக்கட்டுதாரர் பங்கு.

இரண்டிலும் தெரிவது ஒன்று: ஊர்க் காசு இருக்கும் இடத்தில் ஊர்க் கண்ணும் இருக்கும். முன்பு நீர்க்கட்டி என்ற ஆள் வரத்துக்காலை நடந்து பார்த்து, அடைப்பு எடுத்து, மடை திறப்பார். அந்த வேலையை இன்று யாராவது செய்தாக வேண்டும். ஒப்பந்தக்காரர் பில் வாங்கிவிட்டுப் போய்விடுவார்.

அரிட்டாபட்டி எப்படித் தப்பித்தது?

பக்கத்து மதுரை மாவட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. மேலூர் அருகே அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மலையில் விழும் மழை சுனையாகி, ஓடையாகி, கண்மாய்க்கு வரும் இடம் அது. 2024 நவம்பரில், அந்தத் தலத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. ஊர்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மக்கள் மதுரையை நோக்கிப் பேரணியாகப் போனார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

போராட்டம் ஜெயித்ததற்கு ஒரு காரணம், கையில் காகிதம் இருந்தது. அந்த நிலத்தின் மதிப்பு என்ன என்பது ஏற்கெனவே அரசாணையில் எழுதப்பட்டிருந்தது. பெரிய மலைதான் வேண்டும் என்றில்லை. 2025-ல் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி கோயில்காடு வெறும் 4.97 ஹெக்டேர்தான். கரிசல்காட்டு மேய்ச்சல் தரைக்கு மலையும் இல்லை, குடைவரைக் கோயிலும் இல்லை. அதனால்தான் அதற்குக் காகிதம் இன்னும் அவசியம்.

அப்போ சோலாரும் தொழிற்சாலையும் வேண்டாமா?

அப்படி இல்லை. திருச்சுழிக்குத் தெற்கே கமுதியில் 2016-ல், சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. கரி இல்லாத மின்சாரம் நாட்டுக்குத் தேவை. வேலையும் தேவை. ஆனால் வேலி போட்ட இடத்தில் ஆடு மேயாது. மழைத்தண்ணீர் போகும் பாதையைத் திட்டம் போடும் முன்பே குறிக்க வேண்டும். எந்த நிலம், எந்த ஓடை, யார் மேய்க்கிறார்கள் என்று ஊரைக் கேட்டபின் இடத்தை முடிவு செய்வதற்கும், 'தரிசுதானே' என்று எடுத்துக்கொள்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கேட்க வேண்டிய இடம் கிராம சபை. விருதுநகர் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாத ஊரில் பொது நிலத்துக்குக் குரல் கொடுக்க மிச்சம் இருப்பது கிராம சபைத் தீர்மானம்தான்.

வெளியூரில் இருக்கும் நீங்கள் என்ன செய்யலாம்?

• தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் உங்கள் ஊர் புல எண்ணைப் போட்டு 'அ' பதிவேட்டைப் பாருங்கள். மேய்ச்சல் தரை, ஓடை, வரத்துக்கால் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். போனிலேயே முடியும்.

• கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். புல எண்ணோடு தீர்மானம் கொண்டுவர அது பொருத்தமான நாள்.

• கண்மாய் வண்டல் மண்ணை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்க, தாசில்தார் அளவிலேயே அனுமதி தரும் முறை 2024-ல் வந்தது. மேடேறிய கண்மாய்க்கும் புஞ்சைக்கும் ஒரே நேரத்தில் நல்லது.

• ஊருக்குப் போகும்போது கண்மாய்க் கரையோடு திரும்பிவிடாமல், வரத்துக்கால் ஓரமாக மேலே நடந்து பாருங்கள். அடைப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்து மனுவோடு இணைத்தால், "பார்க்கிறோம்" என்று சொல்லித் தட்டிக்கழிப்பது அதிகாரிக்கும் கஷ்டம்.

அடுத்த ஐப்பசியில் போன் போடும்போது "கம்மா பெருகிருச்சா?" என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "வரத்துக்கால் திறந்திருக்கா?"