ஸ்டெப்பரா, சேர்வோவா?

கணனியின் கட்டளைப்படி மரஞ் செதுக்கும் சி.என்.சி. யந்திரத்தை வீட்டிலேயே அமைக்கப் புகும் இளைஞர் முதலில் வினவுவது, எந்த மோட்டரை வாங்குவது என்பதே.

ஸ்டெப்பர் மோட்டர்களிற் பெரும்பாலானவை ஒரு சுற்றை 200 படிகளாகப் பகுத்து, படிக்கு 1.8 பாகை வீதந் திரும்புவன. புரியிடைத்தூரம் 5 மில்லிமீற்றராகவுள்ள திருகுதண்டோடு இணைத்தால், ஒரு படிக்கு நகர்ச்சி 0.025 மில்லிமீற்றர். மரவேலைக்கு இதனினும் நுட்பம் வேண்டுவதில்லை. குறை பிறிதோரிடத்தில் உளது. இட்ட கட்டளை நிறைவேறியதா என்று அங்கே பார்ப்பாரில்லை. வெட்டலகு மரக்கணுவிற் சிக்கிச் சில படிகள் தவறினும் யந்திரம் அதனை அறியாது மேற்செல்லும். பல மணி நேரச் சித்திரவேலை ஒருபுறம் விலகிப் பாழாகும். சேர்வோவோ, அச்சோடு பொருந்திய அளவுமானியால் தன் நிலையை இடையறாது உணர்ந்து பிழையைத் திருத்தும்; திருத்தவியலாவிடின் நின்றுவிடும். (நிற்கத் தெரிவதும் ஒரு கெட்டித்தனமே!)

ஆயினும் சேர்வோவின் பெருமை விரைவிலேதான் விளங்கும். வேகம் கூடக் கூட ஸ்டெப்பரின் முறுக்குவிசை குன்றும். சேர்வோவிற் பல, நிமிடத்துக்கு 3000 சுற்று வரையிற் குன்றா. ஆனால், மேற்சொன்ன திருகுதண்டுக்கு 600 சுற்றே நிமிடத்துக்கு 3 மீற்றர் ஓட்டந் தந்துவிடுமே! சிறு பலகையிலே அதற்குமேல் ஓடி எங்கே போவது? ஆதலின் ஸ்டெப்பரையே வாங்குக. மிஞ்சும் பணத்தில், செலுத்தும் மின்சுற்று தாங்குமாயின், 24 வோல்ற்று மின்வழங்கிக்குப் பதிலாக 48 வோல்ற்று மின்வழங்கியைப் பெறுக. வேகத்திலே விசை குன்றுவது அதனாற் பெரிதுந் தணியும். பின்னரும் படி தவறுமாயின், மோட்டரைப் பழிக்குமுன் வெட்டின் ஆழத்தைக் குறைத்துப் பார்க்க. இரவெல்லாம் ஓடும் நீண்ட வேலையை மேற்கொள்வோர் மாத்திரம், அளவுமானி பொருத்திய ஸ்டெப்பருக்குச் சற்றுக் கூடிய விலை கொடுக்கலாம்.