சக்கரமும் சட்டையும்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே ஊருக்கு ஊர் காட்சிக்கூடம் உண்டு. கண்ணாடிப் பேழைக்குள்ளே உடைந்த வண்டிச் சக்கரம், துருவேறிய துப்பாக்கி, பாட்டி வெண்ணெய் கடைந்த மத்து. காண வருவோர் குரலைத் தாழ்த்திக் கொள்கின்றனர். "முன்னோடிகளின் நினைவுச் சின்னங்கள்!" என்கின்றனர். பழம்பொருள் பூசைப் பொருளாகிவிடுகிறது!

சேகரிப்பதை நாம் குறை கூறவில்லை. 1840களிலே, சுமார் 2,000 மைல் நீண்ட ஆரிகன் பாதையில் மாட்டுவண்டி பூட்டிப் புறப்பட்டோருள் எளிய உழவர் பலர். காலரா கொண்டுபோன பிள்ளைகளை வழியோரம் புதைத்துவிட்டு நடந்தனர். அவர்தம் வியர்வையும் கண்ணீரும் வரலாறே; மறுப்பாரில்லை. ஆனால், அவர்கள் சென்று சேர்ந்த நிலம் யாருடையது? 1862ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறியோர்க்கு 160 ஏக்கர் வழங்கிற்றே, வழங்கிய அரசின் கைக்கு அந்த நிலம் வந்த வழி யாது? இக்கேள்விக்குப் பேழையிலே இடமில்லை!

பழங்குடியினர் பொருளையும் சேகரிக்கத்தான் செய்தார்கள். எப்படி? 1864 நவம்பர் 29. கொலராடோவின் சாண்ட் கிரீக் கரையிலே, அமைதி வாக்கை நம்பித் தங்கியிருந்த செயென், அராபகோ மக்கள்மீது கர்னல் சிவிங்டனின் படை பாய்ந்தது. மாண்டோரில் பெரும்பாலோர் பெண்டிர், பிள்ளைகள், முதியோர். பிணங்களிலிருந்து அறுத்தெடுத்தவற்றை டென்வர் நகரிலே வெற்றிச் சின்னங்களாகக் காட்டி மகிழ்ந்தனர். அதன் பின், படை மருத்துவக் காட்சிக்கூடத்துக்குப் பழங்குடியினர் மண்டையோடுகளைத் திரட்டி அனுப்புமாறு படை மருத்துவர்களுக்கு அறிவிப்பே சென்றது. ஒருவன் பாட்டியின் மத்து நினைவுச் சின்னம். மற்றவன் பாட்டியின் மண்டையோடு ஆராய்ச்சிப் பொருள்! இதற்குப் பெயர் நாகரிகமாம்!

1890 டிசம்பர் 29இல் வூண்டட் நீ என்னுமிடத்தில் 250க்கு மேற்பட்ட லகோட்டா மக்கள் கொல்லப்பட்டனர். குண்டு துளைக்காதென நம்பி அவர்களிற் பலர் அணிந்திருந்தது 'ஆவி நடனச் சட்டை'. இறந்தவர் உடைமைகள் கவரப்பட்டு விலைபோயின. அத்தகைய சட்டையொன்று 1892இல் கிளாஸ்கோ காட்சிக்கூடத்தை அடைந்தது. சட்டையை நம்பியது மூடத்தனம் என்பர் மேதாவிகள். ஆம், மூடத்தனமே! ஆனால், கண்டம் முழுவதையும் கடவுள் தமக்கே பங்கிட்டுத் தந்தார் என்று வெள்ளையர் நம்பியது மட்டும் பகுத்தறிவோ? முதல் நம்பிக்கை அணிந்தவனைக் காக்கவில்லை. இரண்டாவது நம்பிக்கை அடுத்தவனைக் கொன்றது. எது கொடிது?

காலம் சும்மா இருக்கவில்லை. பழங்குடியினர் போராடினர். 1990இல், எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் உரியவரிடம் ஒப்படைக்கச் சட்டம் பிறந்தது. அமெரிக்கச் சட்டம் செல்லாத கிளாஸ்கோவும் 1999இல் அச்சட்டையைத் திருப்பித் தந்தது. எனினும், இன்றும் பல்லாயிரவர் எலும்புகள் பெட்டிகளிலேயே கிடக்கின்றன.

தோழர்களே! சக்கரத்தை எறிந்துவிடச் சொல்லவில்லை நாம். அது உருண்ட நிலம் யாருடையது என்பதையும் அருகிலே எழுதி வைக்கச் சொல்கிறோம். எந்தக் காட்சிக்கூடத்தினுள் நுழைந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: செய்தவர் யார்? எடுத்தவர் யார்? எவ்வழியில் வந்தது? விடை சொல்லும் பொருள் சான்று. விடை மறைக்கும் பொருள், கண்ணாடிக்குள் வைத்த விக்கிரகம்!