‘வைத்துவிடட்டுமா?’ என்று கேட்கும் பழக்கம்

மோசடி அழைப்புகள் குறித்து நம் வளாகங்களில் ஒட்டப்படும் எச்சரிக்கைகள் அனைத்தும் ஓர் எடுகோளின்மீது நிற்கின்றன. ஏமாறுபவரிடம் தகவல் இல்லை. தகவலைத் தந்துவிட்டால் ஏமாறமாட்டார் என்பதே அது. மொழியியல் படித்த எனக்கு இந்த எடுகோளில் நம்பிக்கை இல்லை. உரையாடலில் நாம் அனிச்சையாகக் காக்கும் ஒழுங்கைப் பற்றிக்கொண்டுதான் தொலைபேசி மோசடி நடக்கிறது என்றும், அந்த ஒழுங்கை முறிக்கப் பழகாதவரை எவ்வளவு தகவல் இருந்தாலும் போதாது என்றும் கருதுகிறேன்.

வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 2024இல் 7 கோடி ரூபாயை இழந்தார். பத்மபூஷண் பெற்றவர், பல பத்தாண்டுகளாக ஒரு பெருந்தொழிலை நடத்தி வந்தவர். அவருக்காகக் காணொளியில் ஒரு போலி உச்ச நீதிமன்றமே கூட்டப்பட்டது. அன்றைய தலைமை நீதிபதியாக ஒருவர் நடித்தார். முத்திரையிட்ட ஆணையும் வந்துசேர்ந்தது. அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியர் இதே முறையில் ஒரு கோடிக்கும் மேல் இழந்து எழுதிய கடிதத்தை முன்வைத்து, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. டிசம்பரில் இத்தகைய வழக்குகளைப் புலனாய்வு செய்யும்படி சிபிஐக்கு உத்தரவிட்டது. ‘டிஜிட்டல் கைது’ என்று சட்டத்தில் எதுவும் இல்லை எனப் பிரதமர் வானொலியில் சொன்னது 2024 அக்டோபர் 27ஆம் நாள். அதன்பின் பல மாதங்கள், யாரை அழைத்தாலும் மணியொலிக்கு முன் எச்சரிக்கை ஒலித்தது. தகவல் நாட்டில் இல்லாமல் இல்லை.

எங்கள் ஆய்வாளர் விடுதியில் ஓர் இளையவர் நான்கு மணிநேரம் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு காணொளி அழைப்பின் முன் அமர்ந்திருந்தார். உங்கள் பெயரில் சென்ற கூரியர் பொதியில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் ஆதார் எண்ணில் வங்கிக் கணக்கு திறக்கப்பட்டிருக்கிறது என்ற பழகிய கதைதான். மூன்று மாத நிலுவையாக அந்த வாரம் வந்திருந்த உதவித்தொகை முழுவதும் போயிற்று. ‘முனைவர் பட்டம் படிக்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா?’ என்று உணவுக்கூடத்தில் சிரித்தார்கள். அவருக்குத் தெரியும். ‘டிஜிட்டல் கைது’ என்ற தொடரைச் செய்தித்தாளில் படித்திருந்தார். அழைப்பின் நடுவிலேயே அது நினைவுக்கு வந்ததாகவும் சொன்னார். பிறகு ஏன் துண்டிக்கவில்லை என்று கேட்டேன். ‘அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார் அக்கா. பதில் சொல்லாமல் எப்படி வைப்பது?’

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உரையாடல் பகுப்பாய்வு படித்தவர்களுக்கு இமானுவேல் ஷெக்லாஃபின் 1968ஆம் ஆண்டுக் கட்டுரை நினைவிருக்கும். அமெரிக்க நகரமொன்றின் காவல்துறைத் தொலைபேசியில் பதிவான அழைப்புகளே அவருடைய தரவு. (அன்று மக்கள் காவல்துறையை அழைத்தார்கள்; இன்று ‘காவல்துறை’ மக்களை அழைக்கிறது.) தொலைபேசியின் மணியை அவர் ஒரு விளிப்பாகக் கொள்கிறார். விளித்தால் விடை வரவேண்டும். விடை தந்தவர், விளித்தவர் சொல்லப்போவதைக் கேட்கக் கடமைப்பட்டவராகிறார். கேள்வி எழுந்தால் பதிலுக்கான இடம் உடனே உருவாகிறது. அந்த இடத்தை வெறுமையாக விட்டால், கேட்டவரின் பிழையாக அது தோன்றுவதில்லை. நம் பிழையாகவே நமக்குத் தோன்றுகிறது. மோசடிக்காரர் ஐந்து நிமிடம் தொடர்ந்து சொற்பொழிவாற்றுவதில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்கிறார். முழுப்பெயர் என்ன? அறையில் யார் இருக்கிறார்கள்? கடைசியாக எப்போது மும்பை சென்றீர்கள்? ஒவ்வொரு கேள்வியும் அடுத்த ஒரு நிமிடத்துக்கு நம்மைக் கட்டிவைக்கிறது.

ஷெக்லாஃபும் ஹார்வி சாக்ஸும் சேர்ந்து 1973இல் வெளியிட்ட கட்டுரை உரையாடலை முடிப்பதைப் பற்றியது. எந்த உரையாடலும் தானாக முடிவதில்லை. முடிப்பதற்கு இருவரும் சேர்ந்து உழைக்கவேண்டும். ‘சரி’ என்று ஒருவர் முன்வைக்க, மற்றவரும் ‘சரி’ என்று புதிய பேச்செதுவும் எடுக்காமல் இசைந்த பிறகே விடைபெறல் நிகழும். மற்றவர் இசைய மறுத்தால்? அதற்கு நாகரிகமான வழி எதுவும் நம்மிடம் இல்லை.

தமிழில் இது இன்னும் வெளிப்படை. ‘அப்புறம்?’, ‘வேறென்ன?’ என்று இரண்டு மூன்று முறை வாசலில் நின்றுவிட்டு, கடைசியில் ‘வச்சிடட்டுங்களா?’ என்கிறோம். தொலைபேசியை வைப்பதற்கு அனுமதி கேட்கும் வடிவம் அது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்பது ஆகாது, ‘போய்வருகிறேன்’ என்றே சொல்லவேண்டும் என வளர்க்கப்பட்டவர்கள் நாம். பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் தங்கள் புகழ்பெற்ற பணிவுக் கோட்பாட்டை மூன்று மொழிகளின் தரவிலிருந்து கட்டினார்கள். அவற்றுள் ஒன்று கோவை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தமிழ். மறுப்பை மென்மையாக்கவும் துண்டிப்பைத் தள்ளிப்போடவும் நம் மொழியில் எத்தனை கருவிகள் உண்டு என்பதை அந்நூலைப் புரட்டியவர்கள் அறிவார்கள். அவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. அண்டை வீட்டாரோடும் அத்தையோடும் வாழ அவை வேண்டும். அறியாத எண்ணிலிருந்து வரும் குரலுக்கும் அதே கருவிகளை நாம் தானாக எடுத்து நீட்டுகிறோம் என்பதே சிக்கல்.

இனி ‘கைது’ என்ற சொல்லுக்கு வருவோம். சொல்வதே செய்வதாகும் கூற்றுகளை ஆஸ்டின் பேசினார். ‘உங்களைக் கைது செய்கிறேன்’ என்பது அத்தகையது. உரிய ஆள், உரிய சூழல், உரிய நடைமுறை இல்லாவிடில் அது வெற்றொலி. ஆகவே வாட்ஸ்அப்பில் சொல்லப்படும் கைது செல்லாது என்று வகுப்பில் எளிதாக முடித்துவிடலாம். ஆனால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவைப் படித்துப்பாருங்கள். கைது செய்யும் அலுவலர் உடலைத் தொடவோ அடைத்து நிறுத்தவோ வேண்டும்; கைதாகுபவர் சொல்லாலோ செயலாலோ தாமே காவலுக்கு உட்பட்டால் அது தேவையில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இதுவே இருந்தது. பெண்களுக்கு ஒருபடி கூடுதல்: கைது என்று வாய்மொழியாக அறிவித்த அளவிலேயே, மாறான சூழல் தென்படாவிட்டால், அவர் உட்பட்டதாகக் கொள்ளப்படும். பெண்ணின் உடலை ஆண் காவலர் தொடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த விதிதான். என்றாலும் பெண்ணின் மௌனத்தை இசைவாகப் படிக்கும் அந்த வாசகம் என்னை உறுத்துகிறது.

இப்பிரிவு நேரில் நிற்கும் அலுவலரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. மோசடிக்காரர் அதிலிருந்து ஒரு பாதியை மட்டும் வெட்டியெடுக்கிறார். தொட அவருக்குக் கை எட்டாது. எனவே நம் வாயால் உட்படவைக்கிறார். ‘கேமராவை அணைக்கமாட்டேன் என்று சொல்லுங்கள்’, ‘யாரிடமும் பேசமாட்டேன் என்று உறுதி கூறுங்கள்’ என்று கேட்டு வாங்குகிறார். கைதைச் செய்துமுடிப்பவர் கேட்பவர்தான். ஆஸ்டினின் நிபந்தனைகளில் ஒன்றுகூட நிறைவேறாத கூற்று, கேட்பவரின் ஒத்துழைப்பால் நான்கு மணிநேரம் உயிரோடிருக்கிறது.

அதே சட்டத்தில் நமக்குப் பயன்படுவதும் இருக்கிறது. அசாதாரணச் சூழலில், பெண் அலுவலர் முன்கூட்டியே நடுவரின் அனுமதி பெற்றாலன்றி, சூரியன் மறைந்து மீண்டும் உதிக்கும்வரை எந்தப் பெண்ணையும் கைது செய்யலாகாது. விசாரணைக்கு வரச்சொல்லும் காவல்துறை அறிவிப்பை வாட்ஸ்அப் வழியாக அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. இரவு ஒன்பது மணிக்குத் திரையில் தோன்றும் சீருடைக்கு இவற்றையெல்லாம் எடுத்துச்சொல்லி வாதாடலாமே என்று சட்டத்துறை நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்பேன். வாதமும் உரையாடல்தான், அவருக்கு வேண்டியதும் அதுவே.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நான் கேள்விப்பட்ட கைது நாடகங்கள் பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடந்தவை. தாய்மொழியில் ஒருவர் காவல் ஆய்வாளராக நடித்தால் ஏதோ ஓரிடத்தில் சுருதி தவறுவது காதில் படும். எந்தச் சொல்லை அலுவலர் சொல்லமாட்டார் என்பது நமக்குத் தெரியும். அரைகுறையாக அறிந்த மொழியிலோ, பொருளைப் பிடிப்பதற்கே கவனம் முழுதும் செலவாகிறது; ஐயப்பட மிச்சம் இருப்பதில்லை. அதோடு, அந்த மொழியையே அதிகாரத்தின் மொழியாக இங்கே நாள்தோறும் சந்திக்கிறோம். ‘ஆப்’ என்று தொடங்கிய குரல் திடீரென ‘தும்’ ஆகும்போது, இலக்கணம் சரியாகத் தெரியாதவருக்கும் அந்த இறக்கம் புரிந்துவிடுகிறது. பிறகு இரண்டாமவர் ஒருவர் வந்து மீண்டும் மரியாதையோடு பேசுவார். அவர்தான் பணத்தை வாங்குபவர்.

நம் அலுவலகங்களையும் இதில் விட்டுவிட முடியாது. ‘இன்று மாலை ஐந்து மணிக்குள் ஆதார் நகலை அனுப்பாவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும்’ என்பது மோசடிச் செய்தியா, உண்மைச் சுற்றறிக்கையா? பார்த்துச் சொல்ல முடிகிறதா? அறியாத எண்ணிலிருந்து அழைத்து, தாம் யார் என்பதை நிறுவாமலே நம் பிறந்தநாளைக் கேட்டு ‘சரிபார்க்கும்’ வங்கிகள் எத்தனை? அச்சுறுத்தல், அவசரம், காரணம் கேட்காத கீழ்ப்படிதல் மூன்றையும் நமக்குப் பயிற்றுவித்தவர்கள் உண்மையான அலுவலர்கள். மோசடிக்காரர் அந்தப் பயிற்சியின் பலனை அறுவடை செய்கிறார். எச்சரிக்கைச் சுவரொட்டி ஒட்டும் நிர்வாகம், தன் சுற்றறிக்கைகளின் நடையையும் ஒருமுறை திருத்திக்கொண்டால் நல்லது. 160 என்று தொடங்கும் எண்களை அரசுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் தனியே ஒதுக்கியது சரியான திசையில் ஒரு படி. இனி வங்கி அதிலிருந்து மட்டுமே அழைக்கட்டும்.

கடன் வேண்டுமா, கடனட்டை வேண்டுமா, ஆய்வுக்கட்டுரையைப் பத்தே நாளில் பதிப்பித்துத் தரட்டுமா என்று கேட்கும் விற்பனை அழைப்புகள் வேறு வகை. அவை தொல்லை, குற்றமல்ல. எதிர்முனையில் இருப்பவர் மணிக்கு இத்தனை அழைப்பு என்ற கணக்குக்குள் வேலை செய்யும், பெரும்பாலும் நம் வயதொத்த ஒருவர். அவரை ஏசிக் களிப்பதில் சில நண்பர்களுக்கு இருக்கும் இன்பம் எனக்கு உவப்பாயில்லை. ‘வேண்டாம்’ என்று சொல்லித் துண்டித்துவிட்டு 1909இல் பதிவு செய்யுங்கள். மீறினால் அங்கேயே புகார் கொடுங்கள், ஏழு நாளுக்குள். மோசடிக் கூடங்களில் இருப்போரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மியான்மரிலும் கம்போடியாவிலும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தொழிலில் வலுக்கட்டாயமாக அடைக்கப்பட்டிருக்கலாம் என ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. வேலை என்று நம்பிப் போய் அங்கே சிக்கி மீண்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. மோசடிக்காரரை அழைப்பில் வைத்து விளையாடும் காணொளிகளை என்னால் ரசிக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே நான் சொல்லக்கூடியது சிறிது. ‘வைக்கட்டுமா’ என்ற கேள்வியை அறியாத எண்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். ‘வைக்கிறேன்’ என்று சொல்லி வையுங்கள், அதையும் சொல்லாமல் வைத்தாலும் பிழையில்லை. வாக்கியத்தின் நடுவில், எதிர்முனைக் கேள்வி தொங்கிக்கொண்டிருக்கும்போதே துண்டிக்கலாம். வங்கியோ காவல்நிலையமோ உண்மையிலேயே தேடியிருந்தால், அதன் எண்ணை நீங்களே தேடியெடுத்து அழையுங்கள். அப்போது விளிப்பவர் நீங்கள். பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு எந்த அரசு அலுவலகமும் விசாரிப்பதில்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு இரவைக் கழிக்காமல் 1930க்கு உடனே அழையுங்கள். பணம் கணக்கு மாறிக் கணக்கு ஓடுவதற்குள் முடக்கினால்தான் மீள வாய்ப்பு. ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அந்த அழைப்பைத் தாமதப்படுத்துகிறார்கள் என்பதை எங்கள் உணவுக்கூடத்து நண்பர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

புதிய மாணவர்களுக்கான அறிமுக வாரத்தில் இதற்கு அரைமணிநேரம் ஒதுக்கும்படி துறைத்தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சொற்பொழிவு வேண்டாம், ஒத்திகை போதும். ஒருவர் அலுவலராக மிரட்டட்டும், மற்றவர் பதில் தராமல் துண்டித்துப் பழகட்டும். எங்கள் துறையில் சென்ற பருவத்தில் செய்துபார்த்தோம். நடிப்பு என்று நன்றாகத் தெரிந்திருந்தும், பெரும்பாலோர் துண்டிப்பதற்கு முன் ‘சாரி சார்’ என்றார்கள். இரண்டாம் சுற்றில் அது குறைந்தது.