பசித்த வாய்க்குப் பகை ஏது?



கொடிய ஆட்சி நடக்கும் நாட்டுக்கு நாம் உதவி அனுப்பலாமா? "கொடுங்கோலனின் கையைப் பலப்படுத்துவதா?" என்று பால் கொட்டகையில் நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆயினும் 2022-இல் தமிழ்நாடு செய்ததை எண்ணிப் பாருங்கள்.

2009 மே 18-இல் இலங்கைப் போர் முடிந்தது. முள்ளிவாய்க்காலில் நம் இனத்தார் கணக்கின்றி மாண்டனர். அன்று பாதுகாப்புச் செயலாளராயிருந்த கோத்தபாய ராஜபக்ச 2019-இல் அதிபரானார். 2021-இல் இரசாயன உர இறக்குமதியை அவர் அரசு தடுத்தது, விளைச்சல் விழுந்தது. 2022 ஏப்ரலில் அந்நியக் கடனைத் தீர்க்க இயலாதென அந்நாடு கைவிரித்தது. மருந்துக்குப் பஞ்சம், குழந்தையின் பால்மாவுக்கும் பஞ்சம்.

ஏப்ரல் 29-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்துகள் அனுப்ப ஒருமனதாய்த் தீர்மானித்து, மத்திய அரசின் அனுமதி கோரிற்று. தமிழர், சிங்களர் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று கேட்டவர்கள் யார்? அடிபட்ட ஈழத்தமிழரின் தலைவர்களே! முதல் கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்ட நாளும் மே 18.

அந்த அரிசி கோத்தபாயவைக் காத்ததா? இல்லை. ஜூலையில் மக்கள் எழுச்சி அவரை நாட்டைவிட்டே துரத்தியது.

உதவியை நிறுத்தினால் முதலில் அடுப்பு அணைவது அதிபர் மாளிகையிலா? மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அன்றோ! 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய அம்மக்கள் நம்மைப் போலவே கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள்.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, சங்கத்தை எதிர்த்து நின்றவர் வீட்டுக்கும் நாங்கள் அரிசி கொண்டுபோனோம். அவர் பிள்ளைகள் செய்த குற்றம் என்ன?

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாகாது. கிராணியாகிய எனக்குத் தெரியும்: செக்ரோலில் ஒரு பெயர் விடுபட்டால் ஒரு வீட்டின் கூலி போகும். ஆகவே பணமாக வேண்டாம், பொருளாகவே போகட்டும். யாருக்கு எவ்வளவு சேர்ந்தது என்ற கணக்கைக் கேட்போம். கணக்குக் காட்ட மறுக்கும் அரசின் கையில் கொடுக்காமல், மக்களிடம் நேரே சேர்ப்பிக்கும் வழியைத் தேடுவோம்.

உதவினோம் என்பதற்காக வாயையும் மூடிக்கொள்ள வேண்டியதில்லை. முள்ளிவாய்க்காலுக்கு நீதி கேட்கும் குரலை அரிசி மூட்டை அடைத்துவிடக் கூடாது.

அரிசியும் அனுப்புவோம், நீதியும் கேட்போம்!