மண்ணா? தண்ணீரா? மாடியில் செடி வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீடு. மொட்டை மாடியில் வெள்ளைக் குழாய்கள் படுக்கை வசமாக நிற்கின்றன. குழாய் நெடுக வட்ட வட்டமாகத் துளைகள். துளைக்கு ஒரு செடி. மண் ஒரு பிடி கூட இல்லை. குழாய்க்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதிர்வீட்டுப் பாட்டி இதைப் பார்த்தார். அவருக்கு வயிற்றைக் கலக்கியது.

"ஏம்மா, இது பேப்பர்ல போடறானே, அந்தக் கஞ்சாச் செடியா?" என்று கேட்டேவிட்டார்.

வீட்டுக்காரப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாயில் இருந்தது பாலக் கீரை!

பாட்டியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. "சென்னை விமான நிலையத்தில் ஹைட்ரோபோனிக் கஞ்சா பிடிபட்டது" என்ற செய்தியைப் பேரன் பல முறை படித்துக் காட்டியிருக்கிறான். அந்த வார்த்தைக்கு அர்த்தம் "மண் இல்லாமல் தண்ணீரில் வளர்ப்பது" என்றும் சொல்லியிருக்கிறான். தண்ணீரில் செடி வளர்கிறது என்றால் வேறு என்னவாக இருக்கும் என்று பாட்டி கணக்குப் போட்டுவிட்டார்.

வார்த்தைக்கு வந்த கெட்ட பெயர்

இந்தப் பெயர் எப்படிக் கெட்டது?

2022 ஜூன் மாதம் தாய்லாந்து அரசாங்கம் கஞ்சாவைப் போதைப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. பாங்காக்கில் கடைகள் திறந்து வைத்து விற்றார்கள். அங்கிருந்து பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த பயணிகள் சென்னையில் சுங்க அதிகாரிகளிடம் அடுத்தடுத்துச் சிக்கினார்கள். கூலிக்குச் சரக்குத் தூக்கி வருகிறவர்களுக்குக் "குருவி" என்று பெயர். 2025 ஜூனில் தாய்லாந்து அரசாங்கம் மறுபடி பிடியை இறுக்கி, மருத்துவர் சீட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டது.

கட்டடத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில், மண் இல்லாமல் வளர்த்த சரக்கு என்பதால் அதற்கு அந்தப் பெயர். முறை வேறு, செடி வேறு. கத்தியால் கறிகாயும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம் அல்லவா?

சட்டத்தைப் பற்றி ஒரே வார்த்தை. 1985-ம் ஆண்டுப் போதைப் பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவலும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மண்ணில் வளர்த்தாலும் குற்றம், தண்ணீரில் வளர்த்தாலும் குற்றம். தொட்டியில் ஒரே ஒரு செடிதானே என்று யாராவது இளைஞர்களிடம் ஆசை காட்டினால், அந்தப் பேச்சை அங்கேயே வெட்டிவிட வேண்டும்.

இனி கீரைக்கு வருவோம்.

செடி மண்ணைத் தின்கிறதா?

முன்னூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வான் ஹெல்மாண்ட் என்று ஒருவர் இருந்தார். ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை நிறுத்துப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள மரக்கன்றை நட்டார். 5 வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு மரத்தைப் பிடுங்கி நிறுத்தார். 169 பவுண்டு! மண்ணையும் உலர்த்தி நிறுத்துப் பார்த்தார். 2 அவுன்சுதான் குறைந்திருந்தது!

மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் நினைத்துவிட்டார். அது பாதிதான் சரி. செடி காற்றிலிருந்தும் உணவு எடுக்கிறது. அந்த 2 அவுன்சிலும் விஷயம் இருக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, சுண்ணாம்பு, இரும்பு போன்ற உப்புக்கள் கொஞ்சம் வேண்டும். அந்த உப்புக்களைத் தண்ணீரில் கரைத்து வேருக்குக் கொடுத்துவிட்டால், மண் இல்லாமலே செடி வளரும். இதுதான் தண்ணீர்ச் சாகுபடியின் ரகசியம்.

1930-களில் அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெரிக் என்பவர் இப்படித் தக்காளி வளர்த்துக் காட்டினார். ஏணி வைத்துப் பறிக்கும் உயரத்துக்குக் கொடி வளர்ந்தது. பத்திரிகைகள் ஓகோ என்று எழுதின. இனி வயலே வேண்டாம் என்று கூடச் சிலர் பேசினார்கள்.

அதே சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹோக்லண்ட், ஆர்னன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் நிதானமாகப் பரிசோதனை செய்தார்கள். 1938-ல் முடிவை வெளியிட்டார்கள். நல்ல மண்ணில் நன்றாகக் கவனித்து வளர்த்தால், தண்ணீரில் வளர்ப்பதற்கு விளைச்சல் சளைத்ததல்ல என்றார்கள். சாமான் விற்கிறவர்கள் இந்த முடிவைச் சொல்வதே இல்லை!

மண்ணே இல்லாத இடத்தில்தான் அதற்கு மவுசு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, அட்லாண்டிக் கடலில் உள்ள அசென்சன் என்ற பாறைத் தீவில் அமெரிக்கப் படையினர் இப்படிக் காய்கறி விளைவித்துச் சாப்பிட்டார்கள்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1946-ல் வங்காளத்தில், டார்ஜிலிங் மலைப்பக்கம் காலிம்பாங்கில், ஷோல்டோ டக்ளஸ் என்பவர் பரிசோதனை தொடங்கினார். குழாய், மோட்டார் எல்லாம் ஏழைக்குக் கட்டாது என்று அவருக்குப் பட்டது. தொட்டியில் ஜல்லியும் மணலும் நிரப்பி, உர உப்பை மேலே தூவித் தண்ணீர் ஊற்றினார். அதற்கு "வங்காள முறை" என்றே பெயர் வந்தது. இந்த மனிதரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

நெல் விளைந்த ஊரில் கீரைக்குப் பஞ்சம்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிப்பு தொடங்கியது. பிறகு ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று தொழிற்சாலைகள் பரவின. வேலை வந்தது, சம்பளம் வந்தது. வயல் போயிற்று. ஏர் பிடித்தவரின் மகன் இன்று ஷிப்டு வேலைக்குப் போகிறார். கீரைக்கட்டு கோயம்பேட்டிலிருந்து லாரியில் வருகிறது.

வெளியூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் விடுதிகளில் தங்குகிறார்கள். 2021 டிசம்பரில் ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டுப் பலர் நோயுற்றார்கள். தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசாங்கம் திறந்தது. நாம் சாப்பிடுவது எங்கிருந்து வருகிறது என்று இந்த வட்டாரத்து ஜனங்கள் கேட்க ஆரம்பித்ததில் ஆச்சரியம் இல்லை. ஆளுக்கு ஒரு மொட்டை மாடி கிடைத்தால் நாலு செடி வைக்கலாம் என்று தோன்றுகிறது. உடனே கைபேசியில் விளம்பரம் வந்து நிற்கிறது.

குழாயின் குணம்

குழாய் முறையில் நன்மை இல்லாமல் இல்லை. தண்ணீர் வீணாவதில்லை. தொட்டியில் ஊற்றினால் வழிந்து ஓடுவது, இங்கே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. 2019-ல் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். களை கிடையாது. மண் சுமக்க வேண்டாம்.

ஆனால் அது கைக்குழந்தை மாதிரி. ஒரு வேளை பால் தவறினால் அழும்.

குழாயில் ஓடுவது மெல்லிய தண்ணீர்தான். மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் செடி தலையைத் தொங்கப் போட்டுவிடும். அப்பா காலை ஷிப்டு, அம்மா பகல் ஷிப்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம். யார் பார்ப்பது? மண் தொட்டி சாயங்காலம் வரை பொறுத்துக்கொள்ளும்.

வெயிலில் இன்னொரு தொல்லை உண்டு. வேருக்கும் பிராணவாயு வேண்டும். 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் கரைந்திருக்கும். 35 டிகிரியில் சுமார் 7தான். தண்ணீர் சுட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும். குளிர் நாட்டில் வேலை செய்த முறை, நம் ஊர் மே மாதத்தில் திண்டாடுவது இதனால்தான்.

அப்புறம் தண்ணீரின் தரம். ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கேன் தண்ணீர் வாங்குகிறவர்களில் சிலர் வீட்டில் உப்பு பார்க்கும் மீட்டர் இருக்கும். ஏற்கெனவே உப்பு நிறைந்த தண்ணீரில் இன்னும் உர உப்பைக் கரைத்தால் வேர் கருகும். புளிப்புத் தன்மையையும் அளந்து, ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவே வைக்க வேண்டும்.

சொந்தக் கதை ஒன்று. ஆசைப்பட்டு ஒரு குழாய்ச் சாதனம் வாங்கினேன். கூடவே விதை கொடுத்தார்கள். லெட்யூஸ்! எங்கள் வீட்டில் யாருக்கும் அதைச் சமைக்கத் தெரியாது. போகட்டும் என்று சிறுகீரை விதைத்தேன். ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் காஞ்சிபுரம் போய்வந்தேன். மோட்டார் நின்றிருந்தது. கீரை வைக்கோலாகியிருந்தது. என் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

கணக்குப் பார்ப்போம்

சாதனத்தின் விலை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டு 20 ரூபாய் வீதம் வாரம் 4 கட்டுக் கீரை மிச்சமானால் 80 ரூபாய். அசலை எடுக்கவே 100 வாரம் ஆகும். அதாவது ஏறக்குறைய 2 வருஷம். நடுவில் உரம், மின்சாரம், மோட்டார் ரிப்பேர் தனி. வாடகை வீட்டுக்காரர் அதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லாமல் இருக்க வேண்டும்!

சரி, மண்தான் என்றால் அதிலும் கண் வேண்டும். கட்டட இடிபாடு கொட்டிய இடத்திலும், தொழிற்சாலைக் கழிவு நீர் ஓடும் ஓரத்திலும் மண் அள்ளாதீர்கள். பாரமும் இருக்கிறது. 20 லிட்டர் பை நிறைய ஈர மண் 30 கிலோவைத் தொடும். பத்துப் பை வைத்தால் 300 கிலோ. பழைய மாடி தாங்குமா என்று கேட்க வேண்டும்.

இங்கேதான் காலிம்பாங் மனிதர் உதவிக்கு வருகிறார். நம் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்துவந்த மாடித்தோட்டப் பொட்டலத்தில் பை, விதை, உயிர் உரம், தென்னை நார்க்கழிவுக் கட்டி ஆகியவை இருந்தன. அந்தக் கட்டி மண் அல்ல! தேங்காய் மட்டையின் தூள். நனைத்தால் உப்பும். தண்ணீரைப் பிடித்து வைக்கும். பாரம் குறைவு. அதனுடன் தொழு உரமும் கொஞ்சம் நல்ல மண்ணும் கலந்தால் போதும். மண்ணின் பொறுமையும் இருக்கும், மாடிக்குப் பாரமும் குறையும். மோட்டார் வேண்டாம், மீட்டர் வேண்டாம். முதல் முறை செடி வைக்கிறவர்கள் இதில் தொடங்குவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். சிறுகீரை விதைத்தால் ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம்.

தண்ணீரிலும் கை வைத்துப் பார்க்க ஆசையா? மோட்டார் இல்லாத வழி இருக்கிறது. ஹவாயைச் சேர்ந்த கிராட்கி என்ற பேராசிரியர் எழுதியது. வெளிச்சம் புகாத மூடி போட்ட வாளி. மூடியில் துளை. உரம் கரைத்த தண்ணீரில் வேர் தொங்கும். தண்ணீர் குறையக் குறைய மேலே இடைவெளி உண்டாகி, வேர் அங்கே மூச்சு விடும். வாளியை நிழலில் வையுங்கள். மூடி பொருத்தமாக இருக்கட்டும். இடுக்கு விட்டால் டெங்குக் கொசு குடிவந்துவிடும்.

அதில் எதை வளர்ப்பது? ஏரிக்கரையில் தானாகவே வளர்கிற பொன்னாங்கண்ணி இருக்கிறதே! தண்டை ஒடித்து வைத்தாலே வேர் விடும்.

குழாய்களைப் பார்த்துப் பயந்த பாட்டி இப்போது அதைத்தான் செய்கிறார். பழைய பெயிண்டு வாளி ஒன்றைக் கேட்டிருக்கிறார். பெயிண்டு வாளி வேண்டாம், சாப்பாட்டுச் சாமான் வந்த வாளியாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.